தை அமாவாசையும் கடல் நத்தையும்

வென்ட்வேர்த்வில்,
சிட்னி.
2-2-1975

அன்புள்ள மகள் வைதேகிக்கு,

இன்று விடிந்ததும் முதல் வேலையாகப் பேப்பரில் கடல் வற்றும் நேரங்களைப் பார்த்து, பஞ்சாங்கத்தில் தை அமாவாசைக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். அதன் பிறகுதான் தேத்தண்ணீர். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, வெயில்தான் தாங்க முடியவில்லை. போன சனிக்கிழமையும் பக்கத்து வீட்டு மார்கரெட்டுடன் கடற்கரைப் பாறைகளுக்குப் போனேன். அவருடைய சங்கத்தார் ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடிப் பார்க்கிறவர்கள். எங்கள் ஊர்க் கடலட்டை என்று நினைத்துவிடாதே, இது சுண்டுவிரல் அளவுதான். பாறைக் குழியில் தேங்கிய நீரில் ஒன்று ஊர்ந்தது, நீலம் கலந்த வெள்ளை உடம்பு, சிவப்புப் புள்ளிகள், சுற்றிவர மஞ்சள் கரை. முதுகில் பூப்போல விரிந்திருப்பது அதன் செவுள், விரல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே எடுத்தால் வெறும் சளிக்கட்டி, ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும். ஆகையால் உயிரோடு இருக்கும்போதே நிறத்தை எழுதிவைக்க ஆள் வேண்டும். நான் விலங்கியல் படித்தவள் என்று அறிந்து அந்த வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

நல்ல வகைகள் இருப்பது பாறையின் வெளி விளிம்பில். கடல் நன்றாக வற்றினால்தான் அது தெரியும், அப்படி வற்றுவது அமாவாசையையும் முழுநிலவுப் பறுவத்தையும் ஒட்டித்தான். அப்பாவுக்குத் தாய் தகப்பன் இருவரும் இல்லாதபடியால் தகப்பனுக்கு அமாவாசை, தாய்க்குப் பறுவம் என்று இரண்டு நாளும் விரதம், நான் காலை முழுக்கச் சமைத்து மத்தியானம் படைத்துக் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. இங்கே காகத்துக்கு முந்தி மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை வந்துவிடும், அப்பா கைதட்டிக் கலைப்பார். இங்கு வந்த நாள் முதல் நான் அந்த விளிம்பைப் பார்த்ததில்லை. சங்கத்தார் இம்முறை தை அமாவாசையன்றே போகிறார்கள், எனக்கும் போக விருப்பம் என்று அப்பாவிடம் சொன்னேன். "நத்தைக்குமோ பஞ்சாங்கம் பாக்கிறாய்?" என்று சிரித்தார். பிறகு, விரதத்துக்கு லீவு போட்டாயிற்று, வாழைக்காய் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதில் பதில் சொல்ல ஏதோ இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே புதினமாக இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, சோதனை நெருங்குகிறதென்று சாப்பாட்டை விடாதே. யோகா சித்திக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது. நல்லூரான் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். இது உன் கைக்கு வரும்போது அமாவாசை கழிந்திருக்கும். அன்று காலை அரிசியையும் மரக்கறியையும் குசினி மேசையில் எடுத்து வைத்துவிட்டு, நான் மார்கரெட்டின் காரில் ஏறிவிடுவேன். விரதம் அவருடையது, சமையலையும் அவரே செய்யட்டும். மார்கரெட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் அன்பு அம்மா,
பவளம்