கொளஞ்சியப்பன் எழுதிய சீட்டு

1964 செப்டம்பர் 6, ஞாயிறு
அல்ஜீப்ராவில் முப்பத்தொன்று. அப்பா ஃபஸ்ட் ஷிப்ட், அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாங்கம் மாமா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். காஷ்மீர் மலைகளில் சர்வே வேலை பார்த்தபோது சேர்த்த படிகங்கள், பஞ்சில் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எந்த மலை, எத்தனை அடி, எடுத்தவர் யார். "கல்லுக்குப் பேர், ஊர் எல்லாம் ஆச்சு, கல்யாணம்தான் பாக்கி" என்றேன். "வாலு" என்று குட்டினார்.

நீலக் கல்லின் சீட்டு மட்டும் வேறு கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து. "14,000 அடி. எடுத்தவர் கொளஞ்சியப்பன்." ஐந்தே நிமிஷத்தில் அந்த எழுத்து எனக்கு வந்துவிட்டது. (ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்தே வரும்.)

செப்டம்பர் 7
மைன்ஸிலிருந்து அப்பா கொண்டுவந்த மினுமினுக் கட்டி, நிலக்கரியோடு வரும் போலித் தங்கம், இப்போது நீலக் கல் பக்கத்தில்! சாய்ந்த எழுத்தில் சீட்டும் உண்டு: "தங்கம். 14,001 அடி." மாமா முகத்தைப் பார்க்கணும்.

செப்டம்பர் 8
போச்சு. மாமா பெட்டியைத் திறந்து பார்க்காமலே பூட்டிவிட்டு ரெண்டு மாச ட்ரெயினிங் போய்ட்டார்.

அக்டோபர் 25, ஞாயிறு
பத்து நாளாக மழை. நீலக் கல்லை வாங்க நவம்பர் 9 அன்று மெட்ராஸிலிருந்து மியூசியக்காரர் வருகிறாராம். மாமா வீட்டு தனம் அத்தைதான் சொன்னார்கள்.

"கொளஞ்சியப்பன் பேரு கண்ணாடிப் பெட்டியில நிக்கணும்னு மாமா எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்காரு. கூட வேலை பார்த்தவரு அவரு. கல்லை மாமா கையில குடுத்துட்டு மறுநாள் திரும்ப ஏறினாராம். பனி சரிஞ்சுது, ஆளு வரல. ஒரு போட்டோகூட இல்ல. அந்தச் சீட்டுதான்."

செத்துப்போனவர் எழுத்திலா நான் தங்கம்னு எழுதினேன்?

துடைத்து வைப்பதாகச் சொல்லிச் சாவி வாங்கினேன். திறந்ததும் நெருப்புக்குச்சி வாடை. கட்டி வெள்ளையும் மஞ்சளுமாப் பூத்து உதிர்ந்திருக்கு. ஈரம் கசிஞ்சு பஞ்செல்லாம் கறுத்து... கொளஞ்சியப்பன் சீட்டைத் தொட்டேன். பொடிப்பொடியாப் போச்சு. கல்லுக்கு ஒண்ணும் ஆகல. எழுத்து இல்ல.

அக்டோபர் 26
சயின்ஸ் டீச்சரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஈரக் காற்றில் அந்தக் கட்டி அமிலம் விடுமாம், காகிதத்தைத் தின்னுமாம். என்னையும் தின்னுது, டீச்சர்.

நவம்பர் 1
எழுதிவிட்டேன். டீத் தண்ணியில் நனைத்துக் காயவைத்த காகிதம். பஞ்சும் புதுசு. கொளஞ்சியப்பனே பார்த்தாலும் தன்னுதுன்னு சொல்வார். யாருக்கும் தெரியாது. யாருக்குமே.

அப்புறம் ஏன் சோறு இறங்கல?

நவம்பர் 7
நாளை மாமா வருகிறார்.

நவம்பர் 8, ஞாயிறு
மாமா கல்லைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் முதலில் எடுத்தார். கட்டை விரலால் தடவினார். "குளிர்ல கை விறைச்சுப் போய் எழுதினான். அதான் இப்படிச் சாஞ்சிருக்கு."

முடியல என்னால. "மாமா, அது நான் எழுதினது."

எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"வூட்டுக்குப் போ, விஜயகுமாரி."

வாலுன்னு சொல்லல.

நவம்பர் 9
மியூசியக்காரர் கல்லை வாங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதுச் சீட்டு, மாமாவின் நிமிர்ந்த எழுத்தில்: "எடுத்தவர் கொளஞ்சியப்பன்."

என்னுடையதைக் கிழித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தனம் அத்தை அவர் சட்டையைத் தண்ணீரில் போடப் போனார்கள். மாமா உள்ளேயிருந்து ஓடி வந்து, பையிலிருந்து நான் எழுதின கொளஞ்சியப்பன் சீட்டை எடுத்துக்கொண்டார்.