சேர் அம்புறோஸின் ஆறாவது பெண்

மல்கிரேவ்,
9.2.2025

என் அன்பு அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு செய்கிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை சம்பந்தி வீட்டு நடையில் நின்று, செத்து நானூற்றைம்பது வருடமான ஒரு வெள்ளைக்காரப் பெட்டைக்காக வாய்விட்டு அழுதுவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கையில் அகப்பட்டது அவர்களுடைய யன்னல் சீலை. மூக்கையும் அதிலேதான் துடைத்தேன். டிலக்சி பக்கத்தில் நின்று "மம், ப்ளீஸ்" என்றாள். கோயிலில் நான் தும்மினாலும் அவளுக்கு அதே ப்ளீஸ்தான்.

போனில் என் இலக்கத்தை அடைத்து வைத்திருக்கிறீர்கள். தபாற்காரனை அடைக்க முடியாது என்று கிறிஸ்ரியன் சொன்னார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசன் எனக்குச் சொன்ன உருப்படியான வார்த்தை இது ஒன்றுதான்.

சம்பந்தி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஓம். உங்கள் பெறாமகள் டிலக்சிக்குக் கலியாணம். ஜூன் ஏழாம் திகதி. மாப்பிள்ளை வெள்ளை, பெயர் ஹியூ தெல்வின். கணவாய்க் கறியை அழுது அழுது தின்கிற நல்ல பிள்ளை.

வெள்ளையோ கறுப்போ, விசாரிக்காமல் பெண் கொடுக்கலாமா? ஊரென்றால் கோயில் வாசலில் நாலு பேரைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே தகப்பன் கிறஹாமையே கேட்டேன்.

"நீங்கள் எந்தப் பகுதி ஆக்கள்?"

"பெண்டிகோ" என்றார்.

"அதுக்கு முந்தி?"

"இங்கிலாந்து."

"இங்கிலாந்திலை ஆர்?"

அந்த மனிதர் சிரித்துக்கொண்டு என்னை நடைக்குக் கூட்டிப்போய் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய தகப்பன் இளந்தாரியாக இருந்த காலத்தில் இங்கிலாந்துக்குப் போய், பூட்டனுக்கும் பூட்டனான, சேர் பட்டம் வாங்கின அம்புறோஸ் தெல்வினுடைய கல்லறையைத் தேடிப் பிடித்திருக்கிறார். கல்லறையில் பதித்த பித்தளைத் தகட்டின் மேல் காகிதத்தை விரித்து, கறுப்பு மெழுகால் தேய்த்து எடுத்த பிரதி அது.

இந்த சேர் அம்புறோஸ் அரண்மனை ஆள், அக்கா! எட்டாம் ஹென்றியின் சபையில் உத்தியோகம். பிறகு ராசாவின் மகன் ஆண்டான், மகள்மார் ஆண்டார்கள். இவரும் ராசா எந்த வேதமோ அந்த வேதம். காலையில் எந்தச் செபப் புத்தகத்தைத் தூக்குவது என்று ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குவாராம். இரண்டு பெண்சாதி, பத்துப் பிள்ளை. அந்தச் சபையில் கடைசி வரை தலை கழுத்தில் இருந்ததே பெரிய கெட்டித்தனம்.

படத்தில் சேர் அம்புறோஸ் முழந்தாளில் நிற்கிறார். பின்னால் நான்கு ஆண்பிள்ளைகள் வரிசையாக. எதிரே பெண்சாதி, அவளுக்குப் பின்னால் பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் தலைக்கு மேலே அவளுடைய பெயரும் புருஷன் பெயரும். கீழே எழுத்தில் "ஆறு பெண்கள்" என்று இருக்கிறதாம். எண்ணினேன். ஐந்துதான். ஐந்தாவது பெட்டையின் பாவாடையோடு படச்சட்டம் வந்துவிடுகிறது.

"மற்றவ எங்கை?" என்றேன்.

கிறஹாம் தோளைக் குலுக்கினார். ஆறாவது பெண் சிசிலியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அரசருடைய பருந்துகளுக்கு இரை போட்டவனோடு அவள் ஓடிப்போனவளாம்.

எனக்கு விளங்கிவிட்டது. தகப்பன் அவளைத் தகட்டிலிருந்தே அறுத்து எடுத்திருக்கிறான். பெற்ற பிள்ளையை! செத்த பிறகும்! அந்த இடத்தில்தான் யன்னல் சீலையைப் பிடித்தேன்.

அக்கா, நீங்கள் யோன் அத்தானைக் கட்டினபோது "எங்கடை ஆக்கள் இல்லை" என்று அப்பா கதவைச் சாத்தியதை நான் இதற்குள் இழுக்கவில்லை. அப்பாவின் மரண அறிவித்தலில் உங்கள் பெயர் வராததையும் இழுக்கவில்லை. அது அப்பாவின் விருப்பம், உங்களுக்கே தெரியும். பெரிய குடும்பங்களில் இப்படி நடக்கிறதுதான் போல.

கலியாணத்துக்கு வாருங்கள். நீங்கள் இல்லாமல் என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

உங்கள் தங்கச்சி,
நிரஞ்சலா


வென்ட்வேர்த்வில்,
23.2.2025

தங்கச்சி நிரஞ்சலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. யோன்தான் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். உன்னுடைய கோழிக் கிறுக்கலைக் கண்டதும் "எங்கடை மெல்பேர்ன் கோழி உயிரோடை இருக்கு" என்றார். யன்னல் சீலை வரைக்கும் இரண்டு பேரும் சிரித்து வாசித்தோம். அதற்குப் பிறகு அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அப்பாவின் செத்தவீட்டில். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளில் பிழையில்லை. அன்றைக்குக் கோயிலில் பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி, "நீங்கள் அவையளுக்கு என்ன முறை?" என்று கேட்டா. என் கையில் போனில் அறிவித்தல் இருந்தது. "நிரஞ்சலாவின் பாசமிகு தந்தையும், கிறிஸ்ரியனின் அன்பு மாமனாரும், டிலக்சியின் பாட்டனாரும் ஆவார்." அவ்வளவுதான். அதை வாசிப்பவர்களுக்கு நீ ஏக பிள்ளை. "தெரிஞ்ச ஆக்கள்" என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

அப்பாவின் விருப்பம் என்கிறாய். முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தாதிப்பிள்ளையின் போனிலிருந்து அப்பா எனக்கு எடுப்பார். உனக்குச் சொல்ல வேண்டாம், கத்துவாய் என்று சொன்னவர். பிறகு பிறகு என்னோடு இரண்டு வார்த்தைதான். "மருமகன் நிக்கிறாரோ? குடு" என்று யோனோடு கிரிக்கெட் கதைப்பார்.

இன்னொன்று. தகட்டை அறுத்தது தகப்பன் என்று எழுதியிருக்கிறாய். செத்தவன் எழும்பி வந்தா அறுத்தான்? கல்லறைக்குத் தகடு அடிப்பது மிஞ்சி இருக்கிறவர்கள். மற்ற ஐந்து பெட்டைகளையும் பிடித்து விசாரி.

ஏப்ரலில் அப்பாவின் இரண்டாம் ஆண்டு. நினைவஞ்சலி போடுவாய்தானே. அதைப் பார்த்துவிட்டுக் கலியாணத்துக்குப் பதில் சொல்கிறேன்.

அன்னமலர்


மல்கிரேவ்,
8.3.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு வாசித்தேன். வெளியே கிறிஸ்ரியன், "உள்ளுக்கை குடியிருக்கப் போறீரோ?" என்று தட்டிக்கொண்டு நின்றார்.

குளியலறை என்றதும் சேர் அம்புறோஸ் ஞாபகம் வருகிறார். அவருடைய உத்தியோகம் என்னவென்று போன கிழமைதான் கிறஹாமின் மனுசி மார்கரெட் சொன்னா. ராசா மலசலகூடத்தில் இருக்கும்போது துணியும் தண்ணீரும் பிடிக்க ஒரு பிரபு நிற்பாராம். அந்தப் பிரபுவுக்கு நம்முடைய ஆள் உதவியாள்! நான் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே கரண்டியைத் தேடினேன். மார்கரெட்டுக்குச் சிரிப்பே வரவில்லை. பெரிய பெரிய ஆட்கள் அந்த வேலைக்குப் போட்டி போட்டு அடிபட்டார்களாம், ராசாவின் காதுக்கு அவ்வளவு கிட்டவாம். காதுக்கும் கிட்டத்தான்.

நானோ அதற்கு முதலே மல்கிரேவ் முழுக்க, "சம்பந்தி பகுதி அரண்மனை ஆக்கள்" என்று பறையடித்துவிட்டேன். இப்போது பூசை முடிய ஒவ்வொருவராக வந்து, "அரண்மனையிலை என்ன பதவி?" என்று கேட்கிறார்கள். "உள்வீட்டு நிர்வாகம்" என்கிறேன்.

இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்தி நின்றேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். யோன் அத்தானின் தகப்பன் ஊரார் உடுப்பை வெளுத்தவர். அதற்காகத்தான் உங்களுக்குக் கதவு சாத்தினது. அந்த மனுசன் வெளுத்துத் தந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அப்பா கோயிலில் முன்வரிசையில் நின்றவர். நானோ, மாப்பிள்ளை பகுதி ராசாவின் பின்பக்கம் துடைத்தவனுடைய பரம்பரை என்று தெரிந்தும் பல்லெல்லாம் காட்டிச் சம்பந்தம் கலக்கிறேன்.

அறிவித்தலை எழுதினது நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரம் டிலக்சிக்கு ஒரு டொக்டர் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்கள் கலியாணக் கார்ட்டைப் பாதிதான் வாசிப்பார்கள். மரண அறிவித்தலை எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள், குடும்பம் முழுக்க அதில் வரிசையாக நிற்குமே. மருமகன் யோன் என்று போட்டால், எந்த யோன், ஆருடைய மகன் என்று ஒரு போன் போதும். பயந்துவிட்டேன். அந்த டொக்டர் பிறகு ஒரு பல்வைத்தியரைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போய்விட்டான். கிறஹாம் வீட்டுக்காரரோ எங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் என்ன சாப்பிடமாட்டேன் என்று மட்டும் கேட்டார்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கவும் கூச்சமாக இருக்கிறது.

நினைவஞ்சலியில் போடுகிறேன் அக்கா. மூத்த மகள் அன்னமலர், மருமகன் யோன், தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் எல்லாத்தோடும். அப்பா மேல் ஆணை. அப்பா இல்லை, ஆனபடியால் உங்கள் மேல் ஆணை.

கலியாணத்தன்று கூறைச் சேலைத் தட்டத்தைப் பெரியம்மா முறையில் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அத்தானுக்குச் சொல்லுங்கள், மட்டன் றோல்ஸ் இருக்கிறது.

தங்கச்சி,
நிரஞ்சலா


வென்ட்வேர்த்வில்,
4.5.2025

நிரஞ்சலாவுக்கு,

நினைவஞ்சலியைப் பார்த்தேன். நல்ல படம் போட்டிருக்கிறாய். கீழே "என்றும் உங்கள் நினைவில் வாழும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்." ஒருவருடைய பெயரும் இல்லை. கெட்டிக்காரி. நீயும் சேர் அம்புறோஸ் இருந்த சபையில் கடைசி வரை தலையோடு இருந்திருப்பாய்.

யோன் கலியாணத்துக்கென்று கோட் எடுத்து வைத்திருந்தவர். திருப்பிக் கொடுத்தாயிற்று.

டிலக்சிக்கு ஒரு சேலை அனுப்புகிறேன். மயில்நீலம். அவளுடைய நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆர் தந்தது என்று யாரும் விசாரித்தால், தெரிஞ்ச ஆக்கள் என்று சொல்.

அன்னமலர்


மல்கிரேவ்,
22.6.2025

அன்பு அக்காவுக்கு,

கலியாணம் நல்லபடி முடிந்தது. ஹியூ தாலி கட்டும்போது முடிச்சு டிலக்சியின் தலைமயிரோடு சேர்ந்து விழுந்தது. கிறஹாம் வேட்டிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். மார்கரெட் மட்டன் றோல்ஸைக் கைப்பையில் வைத்து எடுத்துப்போனதை என் கண்ணால் கண்டேன். கூறைத் தட்டம் கொண்டுவந்தது கிறிஸ்ரியனின் தங்கச்சி. தட்டத்தைப் பார்க்காமல் கமராவைப் பார்த்து நடந்தாள்.

நினைவஞ்சலிக்குப் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்பினேன், நம்புங்கள். அறிவித்தல் போடுகிற பெடியன் சரிபார்க்கப் போன் எடுத்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குசினியில் நின்றேன். அதே தங்கச்சிக்காரி கதிரையில் இருந்து பலகாரத்துக்குப் பயறு பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்தாள். பெடியன் வாசித்துக்கொண்டு வந்து, "மருமகன் யோன்... தகப்பன் பேரும் போடவோ?" என்றான். அவள் பயறு தெரிகிறதை நிறுத்தினாள். அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, பிள்ளைகள் மருமக்கள் எண்டு போடுங்கோ தம்பி" என்றேன்.

"பேர் ஒண்டும் வேண்டாமோ அக்கா?"

"வேண்டாம்."

அவன் என்னை அக்கா என்றது இன்னும் காதில் நிற்கிறது.

வரவேற்புக்கு டிலக்சி உங்கள் மயில்நீலத்தைத்தான் உடுத்தாள். நான் எடுத்த பட்டு அலுமாரியில். ஆறாம் மேசைப் பெண்டுகள் அவளை நிறுத்திச் சேலையைத் தடவிப் பார்த்தார்கள். "என்ன வடிவான சேலை! ஆர் தந்தது?" என்று என்னைத்தான் கேட்டார்கள். வாயைத் திறக்கும்போது அக்கா என்று சொல்லத்தான் திறந்தேன். "தெரிஞ்ச ஆக்கள்" என்று வந்தது. நீங்கள் சொல்லித் தந்ததை மீறவில்லை என்று பகிடியாக எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

டிலக்சி என்னைப் பார்த்தாள். ப்ளீஸ் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "மம், ஹூ இஸ் ஷீ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறாள். அவளும் ஹியூவும் ஓகஸ்ட்டில் சிட்னிக்கு வருவார்களாம். என்னை வா என்று கேட்கவில்லை.

அவர்களுக்குக் கதவைத் திறவுங்கள். எனக்குத் திறக்க வேண்டாம், நான் கேட்கவும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம். அப்பா கிரிக்கெட்டில் யாருடைய பக்கம் என்று அத்தான் ஒருநாள் எழுதுவாரா? எனக்குத் தெரியாது.

தங்கச்சி,
நிரஞ்சலா

பி.கு.: கலியாண வீட்டுப் பிள்ளைகள் பந்தடித்து கிறஹாமின் நடையில் இருந்த படத்தின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். நேற்று அதைக் கழற்றும்போது நானும் நின்றேன். சட்டத்துக்குள் காகிதம் அடங்கவில்லை என்று அவருடைய தகப்பன் ஓரத்தைப் பின்னுக்கு மடித்து ஒட்டியிருக்கிறார். பிரித்து விரித்தோம். சிசிலி அங்கேதான் நிற்கிறாள், மற்றவர்களுடைய அதே உயரத்தில். தலைக்கு மேலே அவளுடைய பெயரும், பருந்துக்காரனுடைய பெயரும்.