செபியின் மீன் மைக்கல்

கருங்கல் பள்ளத்தாக்கில் கல் வெட்டப் போன என் வீட்டுக்காரர் செபிக்கு, ஆற்றங்கரையிலிருந்து இபெத் சொல்லி அனுப்புவது. கழுதைக்கார ஹெனு இதைப் பிசகாமல் ஒப்பிக்கும்வரை நான் விடவில்லை. "செத்தவனுக்கு எதுக்கும்மா இவ்வளவு நீட்டுச் சேதி?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் தெஷி சுகம். விழுந்த முன்பல் முளைத்துவிட்டது. இந்த முறை வயலில் ஏறிய வெள்ளம் குறைவு, பார்லி பாதிதான் தேறும்.

உங்களோடு போனவர்கள் திரும்பிவிட்டார்கள். நீங்கள் தண்ணீர் தேடித் தனியே போனீர்களாம். உடலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். எனக்கு அந்த 'இல்லை' போதும். உங்கள் அண்ணன் கெமுவுக்குப் போதவில்லை.

உடல் வராதவனுக்கு, வெயிலுக்குக் கண்ணில் இடும் பச்சை மையை அரைக்கும் அவன் மைக்கல்லைப் புதைக்க வேண்டுமே. மீன் வடிவான உங்கள் கல்லைத் தானியப் பானைக்குள் ஒளித்தேன். "ஏம்மா, அவன் அங்க பசியோட அலையறான். கல்லைக் குடுத்தா ஒரு இடத்துல படுப்பான். உன் பிடிவாதம் பெருசா?" என்றார் கெமு. அலைகிறவர்களைக் கண்ணால் பார்த்த யாரையும் நான் அறியேன். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் தெஷியை விளையாட்டில் சேர்ப்பதில்லை. "உங்கப்பன் ஆளா பேயான்னு கேட்டுட்டு வாடி" என்று துரத்தினார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டாள்.

அன்று மீனை எடுத்துக் கொடுத்தேன்.

புதைக்கும் முன் அந்தக் கல்லில் கடைசிப் பச்சை மையை மனைவிதான் அரைக்க வேண்டும். அரைத்தேன். காலையில் உங்களுக்கு அரைக்கும் அதே பதம். மீனின் கண்ணைச் சுற்றிப் பூசினேன். கெமு அதைப் பாயில் சுற்றி, ரொட்டியோடும் கள் குடத்தோடும் குழியில் வைத்தார். நான் அழவில்லை. அதையும் பேசினார்கள். இனி நான் கெமு வீட்டோடு சேர்ந்துவிட வேண்டுமாம், அவர் அடுப்பில்தான் எனக்குச் சமையலாம்.

கல் புதைக்கப்பட்டவன் உயிரோடு திரும்பினாலும் இந்த ஊரில் அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் தரமாட்டார்கள். அந்த வாசலை நானே அடைத்துவிட்டேன். அதனால் செபியாக வராதீர்கள். அங்கேயே புதிதாக ஒரு மைக்கல் செதுக்குங்கள். மீன் வேண்டாம், ஆமையோ பறவையோ போதும். வேறு பெயர் சொல்லிக்கொண்டு, அயலூர்க்காரராக வந்து தண்ணீர் கேளுங்கள். நான் கொடுப்பேன். யார் என்று கேட்கமாட்டேன்.

உங்களைக் காணாவிட்டால் பாறைகளைப் பார்த்து இதை உரக்கச் சொல்லிவிட்டு, சற்று நேரம் நிற்கும்படி ஹெனுவிடம் கேட்டிருக்கிறேன்.

வெயில் உங்கள் கண்ணைச் சுடாதிருக்கட்டும். ஒரு குரலாவது கொடுங்கள்.

இபெத்