அறுபதாம் படி

1935 ஜனவரி 21, திங்கள்

இன்று பாம்பை அளந்தோம். திருச்செங்கோட்டு மலைப்படியில் ஏறுகிற எல்லாரும் பார்க்கிற நாகர்தான். நானும் டவுசர் போட்ட வயதிலிருந்து குங்குமம் தூவிக் கும்பிட்டு வந்திருக்கிறேன். டேப்பைப் போடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரே பாறை. அதிலேயே ஐந்து தலை, படத்தின் நிழலில் லிங்கம், பாறையோடு பாறையாகக் கிடக்கும் உடம்பு. டேப் மூன்று தடவை மூன்று கணக்குச் சொன்னது. கடைசியில் 'சுமார் அறுபது அடி' என்று எழுதினேன். பதினெட்டு வருட ஓவர்சியர் சர்வீஸில் நான் 'சுமார்' என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

திருப்பணிக்கு முன் மலைக்கோயில் முழுவதற்கும் படம் போட வேண்டும். மூன்று வார வேலை. டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது கல்தச்சர் தங்கசாமி. என் வயதுதான் இருக்கும், வாய் சும்மா இருக்காது. "ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் யாரு பெரியவன்னு சண்டைங்க. பாம்பு மேருவைச் சுத்திப் புடிச்சுது, காத்து பிச்சு எறிஞ்சுது. பாம்பு ரத்தத்தோட இங்க வந்து விழுந்த துண்டுங்க இது. அதான் மலை செவந்து கெடக்குது." கல்லில் இரும்புச் சத்து இருந்தால் சிவப்பாகத்தான் இருக்கும் என்றேன். "அப்படியும் வெச்சுக்கலாமுங்க" என்றார்.

ஜனவரி 24

மண்டபம். யாளியின் வாய்க்குள் கல் உருண்டை. விரலை விட்டுத் தள்ளினேன், உருள்கிறது. வெளியே வராது. எப்படி உள்ளே வைத்தான் சிற்பி?

"வைக்கலீங்க. வாயைக் கொடையறப்பவே மிச்சம் வுட்டது" என்றார் தங்கசாமி. உளியில் ஒரு தட்டு கூடப் போனால் உருண்டையும் இல்லை, யாளியும் இல்லை, தூணும் இல்லை. அப்படி எத்தனை தூண். கூரையில் கிளிகள் தலைகீழாகத் தாமரையைக் கொத்துகின்றன. கழுத்து வலிக்க மல்லாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், அரைநாள் போனது. அந்த ஆளை மேற்பார்வை பார்க்க என்னைப் போல ஓர் ஓவர்சியர் இருந்திருந்தால் ஒரு கிளியும் உருப்பட்டிருக்காது.

ஜனவரி 27, ஞாயிறு

ஆத்தாயி வந்தாள். என் ஒரே தங்கை. புருஷன் போய் இரண்டு வருஷம். பள்ளிபாளையத்தில் மாமியார் வீட்டு மூலையில் இரண்டு பெண் குழந்தைகளோடு கிடக்கிறாள். கிணற்றுத் தோட்டத்தை அப்பா தனக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார் என்கிறாள். பத்திரம் உண்டா என்றேன். இல்லை. சாட்சி?

"நீங்கதானுங்ணா சாட்சி. உங்ககிட்டச் சொல்லிட்டேன்னு அப்பா என்கிட்டச் சொன்னாரு."

சட்டப்படி உனக்குப் பங்கு கிடையாது அம்மிணி என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சட்டம் எனக்கு வேண்டாங்ணா. அப்பா அப்படிச் சொல்லவே இல்லைன்னு அறுபதாம் படியில நின்னு சொல்லிருங்க. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

அறுபதாம் படிச் சத்தியம் என்றால் இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. குளித்து, ஈரத் துணியோடு மலையேறி, அந்தப் படியில் கற்பூரம் கொளுத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அணைத்தால் வழக்கு தீர்ந்தது. கோர்ட்டே ஒப்புக்கொள்ளும் என்பார்கள். பொய் சொன்னவன் குடும்பம் என்ன ஆகும் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை இருக்கிறது.

நான் பதில் சொல்லும் முன் என் சம்சாரம் மயிலம்மாள் சொல்லிவிட்டாள். "அதுக்கென்ன, சொல்லுவாருங்க."

ஜனவரி 28

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன். அப்பா சொன்னார். போவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம். 'கெணத்துத் தோட்டத்த ஆத்தாயிக்கு வுட்ரு.' நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். சரி என்று தலையையும் ஆட்டினேன்.

அவள் அப்போது நன்றாக வாழ்ந்தாள், கேட்கவில்லை. ஏழு வருஷம் நான்தானே உழுதேன்? கிணற்றை இன்னும் ரெண்டு ஆள் ஆழம் வெட்டினது யாரு? எனக்கும் மூணு பசங்க இருக்கானுங்க. இப்ப வந்து கேட்டா எப்புடிக் குடுக்கறது?

கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 1

படிகளை எண்ணி அளந்தோம். அடிவாரத்தில் முதல் படிக்குக் கீழே காலால் மண்ணைத் தட்டினேன். ஒரு கல் விளிம்பு தெரிந்தது. மண் மூடின படி. அப்படியானால் காலங்காலமாக எல்லாரும் அறுபது என்று நின்று சத்தியம் செய்கிற படி, அறுபத்தொன்று!

தங்கசாமி குனிந்து பார்த்தார். "இது படியில்லீங்க, பாறைங்க."

படி என்றே எழுதிக்கொண்டேன். எண்ணுவது என் வேலை, அவர் வேலை அல்ல. ஐந்து நாளாக இறங்காத சோறு இன்று இறங்கியது. அறுபத்தொன்றில் நின்று எதைச் சொன்னாலும் அது வெறும் பேச்சுத்தானே.

பிப்ரவரி 4

வருகிற திங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆத்தாயிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 7

கருவறை வாசல் அளவு எடுக்கப் போனேன். குருக்கள் தீபத்தை உயர்த்திக் காட்டினார். எத்தனையோ தடவை பார்த்த சாமி. இன்று டேப் கையில் இருந்ததால் ஓவர்சியர் கண்ணால் பார்த்தேன். வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது? சுவரில் நூலளவு பிசகினாலும் சொல்லிவிடுகிறவன் நான். எனக்கு அங்கே கோடு அகப்படவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது, வாய்விட்டுச் 'சாமி' என்றேன்.

உளிபட்ட சிலை அல்ல, சித்தர்கள் மருந்து கூட்டிச் செய்தது என்றார் குருக்கள். பிருங்கி முனிவர் கதையும் சொன்னார். அவர் சிவனை மட்டும் சுற்றுவேன், அம்மனைச் சுற்ற மாட்டேன் என்று வண்டாகிப் பறந்தாராம். அம்மன் தவமிருந்து பங்கு கேட்டாள், உடம்பிலேயே பாதியைக் கொடுத்தார் சாமி. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது.

சாமியின் காலடியில் ஊறுகிற தண்ணீரைத் தீர்த்தமாகக் கொடுத்தார். இவ்வளவு உயரத்தில், மொட்டைப் பாறையில், நீர். பாறை இடுக்கில் ஊற்று எப்படி வருமென்று எனக்குப் பாடம் தெரியும். தெரிந்தும் இரண்டாம் தடவை கையை நீட்டினேன்.

அறுபத்தொன்று. அறுபத்தொன்றுதான்.

பிப்ரவரி 11, திங்கள்

காலையில் குளித்து ஈர வேட்டியோடு ஏறினேன். ஆத்தாயி ஈரச் சேலையோடு முன்பே வந்து ஓரமாக நின்றிருந்தாள். மயிலம்மாளும் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். படியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். வாயைத் திறந்தேன்.

ஆத்தாயி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்ணா. தோட்டம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்." கற்பூரத்தை அவளே உள்ளங்கையால் அணைத்தாள். பெரியவர்களைப் பார்த்து, "நான் கேட்டது வாபஸுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள். கை சுட்டிருக்கும்.

பொய் சொல்லவும் இல்லை, தோட்டமும் போகவில்லை. நான் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்?

பிப்ரவரி 12

"அவ சொன்னது பொய்யிங்க. சாமி முன்னால நின்னதும் பயந்துட்டா" என்கிறாள் மயிலம்மாள். ஊரும் அப்படித்தான் பேசுகிறதாம். பெரியவர் சென்னியப்பன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் தலையை ஆட்டினேன். இந்தத் தலைக்கு வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 18

படத்துக்கு மை போட உட்கார்ந்தேன். அந்த மண் மூடின படியைப் போடுவதா வேண்டாமா? தங்கசாமியைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு போனேன். முழங்கால் ஆழம் தோண்டிக் கழுவிவிட்டோம். பாறை. ஓர் உளித்தடம் கூட இல்லை, மலையின் வேர் அது. அவர் கடப்பாரையைத் துடைத்துத் தோளில் வைத்தார். 'அன்னைக்கே சொன்னேனுங்க' என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்படியானால் அன்று நான் நின்றது அறுபதேதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே பாம்பு, அதற்கு மேலே மலை, மலைக்கு மேலே கோபுரம். இத்தனையையும் ஒருத்தன் பிசகாமல் செய்து வைத்துவிட்டுப் பேர்கூடப் போடாமல் போயிருக்கிறான். நான் ஒரு படியைத் திருடப் பார்த்தேன்.

பிப்ரவரி 19

அப்பா சொன்னதையும், தோட்டத்தை ஆத்தாயிக்கு எழுதிக் கொடுக்கப் போவதையும் மயிலம்மாளிடம் சொல்லிவிட்டேன். பேச்சை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 14

ரிஜிஸ்டர் ஆபீஸ். பத்திரம் எழுதுபவர், "தானம்னு போட்றலாமுங்களா?" என்றார். இல்லை, அப்பா கொடுத்தது, அவர் சொன்னதை என் காதால் கேட்டேன், அதையே எழுதுங்கள் என்றேன். ஆத்தாயி ரேகை வைத்தாள். மயிலம்மாள் வரவில்லை. வீட்டில் இன்னும் பேசாமல் சோற்றுத் தட்டைத்தான் நகர்த்துகிறாள்.

வெளியே புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். ஆத்தாயியின் உள்ளங்கையில் கற்பூரத் தழும்பு கறுத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஊர்ல எல்லாரும் நீதான் பொய்க்காரின்னு பேசுனாங்க. நீயும் ஒண்ணும் சொல்லலையே அம்மிணி" என்றேன்.

"சொன்னா உங்களை இல்லீங்களா பேசுவாங்க."

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன். அன்னைக்கு எதுக்குக் கையப் புடிச்சே?

"நீங்க வாயத் தொறந்தீங்கல்லங்ணா. மூஞ்சியப் பார்த்தேன். பொய் சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. தோட்டம் போனாப் போவுது. எனக்கு வேற அண்ணன் இல்லீங்களே."

பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன்.