மொபெட்டுக்குப் போட்ட மாலைகள்

செப்டம்பர் 12, வெள்ளி

பாஸ்டர் ஐயாவை இன்று அடக்கம் செய்தோம். நல்லம்பள்ளியில் எங்கள் சபையை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவர். சபை வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்புவது என் பொறுப்பு.

பக்கத்துத் தோட்டக்காரர் முருகேசன் பெரிய சாமந்தி மாலையோடு வந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் மாலை. எங்கள் சபையில் சவப்பெட்டிக்குப் பூ வைக்கும் வழக்கம் கிடையாது. "உள்ள மாலை போடக் கூடாதுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க தோட்டத்துப் பூவுங்க. எம் மவளுக்குப் பாம்பு கடிச்சப்ப ஐயாதானுங்க மொபெட்டுல வெச்சு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு."

அப்போதும் நான் வழியை விட்டு நகரவில்லை.

ஐயாவின் மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "அந்த வண்டிக்கே போடுங்க" என்றார்.

சுவரோரம் நின்ற பழைய மொபெட்டுக்கு ஒவ்வொருவராக மாலை போட்டார்கள். ஹேண்டில்பாரே தெரியவில்லை. பிறகு உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். பாட்டுக்குக் கைதட்டினார்கள்.

தலையில் பூ வைத்து வந்த பெண்களை அதே வாசலில் எத்தனை முறை கடிந்திருக்கிறேன். ஐயா ஒருநாளும் கடிந்ததில்லை. இன்றைக்குத்தான் உறைக்கிறது.

சாயங்காலம் கேட்டைப் பூட்டப் போனபோது பூ வாடத் தொடங்கியிருந்தது. யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மக்கில் தண்ணீர் எடுத்துத் தெளித்தேன்.

ஐயா வீட்டு ஜன்னலிலிருந்து பாஸ்டரம்மாவின் குரல் வந்தது. "அந்தப் பக்கமும் கொஞ்சம் தெளிங்க."