குண்டு திரும்பி வரும் தூரம்

மார்ச் 3

பதினொன்றாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கித் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டார்கள். இயற்பியலில் அலைவியக்கப் பாடத்துக்கு ஆறு வருடமாக நான் செய்துகாட்டும் இரும்புக் குண்டு ஊசல், இப்போது அவருடைய கண்டுபிடிப்பாம். ஆசிரியர் பயிற்சி முகாமில் பெருமையடித்துக்கொண்டார். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன், வெட்கங்கெட்டவள்.

மார்ச் 4

வயிறு எரிகிறது.

மார்ச் 9

வகுப்புகளைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறதாம். துறைத்தலைவர் இளித்துக்கொண்டே வந்தார். "அந்தக் குண்டு விஷயத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன் மேடம். நான் மேலோட்டமாத்தான் பேசினேன்."

பேசத்தானே தெரியும்! அழகாக எழுதிக் கொடுத்தேன். சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் குண்டை முகவாய்வரை இழுத்துப் பிடித்து, கையை எடுக்க வேண்டும். போய்த் திரும்பி வரும், முகத்தில் இடிக்காது. இருக்கிற ஆற்றலுக்கு மேல் அதற்கு எங்கிருந்து வரும்?

ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். கையை எடுத்தாலே போதும், தள்ளக் கூடாது. தள்ளினால் அந்தக் கூடுதல் ஆற்றலோடு மூக்குக்கே வரும்.

கதவைக்கூட அறைந்து சாத்துகிற மனுஷன். கட்டாயம் தள்ளுவார். உடையட்டும் அந்த மூக்கு.

மார்ச் 10

தங்கை போனில், "என்னக்கா, குரல்ல இவ்ளோ குஷி?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல ஒரு விசேஷம்டி."

மார்ச் 12

ஆய்வுக்குழு முன்னால் குண்டுக்கு எதிரே அவர் நிற்கவில்லை. முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆறு வருடமும் நான்தானே நின்றேன் — அவரும் நிற்பார் என்றே நினைத்துவிட்டேன். "தள்ளாதீங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் குட்டு உடைந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேனே, நானெல்லாம் ஒரு டீச்சரா? அவர் குண்டை அவள் முகவாய்வரை இழுத்துப் பிடித்து, குழுவைப் பார்த்துச் சிரித்தார். பொறுக்க முடியாமல் ஓடினேன். தள்ளினார். அவளை இழுத்துவிட்டேன். குண்டு என் தோளில் இடித்தது.

மார்ச் 13

எலும்பு முறிவு. இடது கையால் கிறுக்குகிறேன். துறைத்தலைவர் வந்தார். "தள்ளக் கூடாதுன்னு நீங்க எழுதலையே மேடம்?"

"மறந்துட்டேன் சார்."

"நானாவது யோசிச்சிருக்கணும்" என்று கண்கலங்கினார். பாவி மனுஷன், அப்படியே நம்பிவிட்டார்.

மார்ச் 24

அவருக்கு மாற்றல். வகுப்பு மறுபடி எனக்கே. ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் என்னைத் தெய்வமாகப் பார்த்தார்கள்.

மணி அடித்த பிறகு அந்தப் பெண் மேசையருகே வந்தாள். "மிஸ், சார் தள்ளுறதுக்கு முன்னாடியே ஓடி வந்துட்டீங்க. அவர் தள்ளுவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்ல கேள்வி" என்றேன்.

அவள் போகவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.