ஹாசல்கோர் பொது அடுப்பை அணைக்கச் சொல்லும் ஆணைக்கு மறுப்பு

அனுப்புநர்:
தோர்வால் பிஸ்கோர்,
வீட்டு எண் 9, ஹாசல்கோர் கூட்டுக் குடியிருப்பு,
லிண்ட்மோசே, டென்மார்க்.

பெறுநர்:
திருமதி கிர்ஸ்டன் ஹோல்ம்கோர் அவர்கள்,
தலைவர், உணவுச் சுகாதாரப் பிரிவு,
லிண்ட்மோசே நகராட்சி.

பொருள்: எங்கள் பொதுச் சமையலறையை நவம்பர் முதல் தேதியிலிருந்து மூட வேண்டும் என்ற ஆணையைத் திரும்பப் பெறக் கோருதல்.

பார்வை: பொது வீட்டுக் கதவில் 6.10.1986 அன்று ஒட்டப்பட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி ஆணையை நானே படித்தேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய், இந்த வசந்தத்தில்தான் எனக்கு எழுத்து வசப்பட்டது. ஓர் அரசாங்கக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை யார் துணையும் இல்லாமல் படித்தது இதுவே முதல் முறை. ஆகவே மிகுந்த மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோதும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. கோபமும் கூட வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

2. எங்கள் குடியிருப்பில் சமைப்பது, பனி தள்ளுவது, வெளியாருக்குக் கடிதம் எழுதுவது எல்லாமே முறை வைத்து நடக்கும். கடிதம் எழுதும் முறை எனக்கு வரும்போதெல்லாம் வேறொருவரின் பனியைத் தள்ளிவிட்டு, கடிதத்தை அவர் தலையில் கட்டிவிடுவேன். இம்முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. வீட்டு எண் நான்கில் இருக்கும் அக்செல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், "மெதுவாவே எழுதுய்யா. அவங்க பதில் அதைவிட மெதுவாத்தான் வரும்" என்றார். இதை மனுவில் எழுதிவிடாதே என்றும் சொன்னார்.

3. ஆணையின் சாரத்தை நான் புரிந்துகொண்டபடி தருகிறேன். எல்லா வீட்டாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் எங்கள் பொது வீட்டுச் சமையலறை உரிமம் பெறாத உணவகமாம். அது தொடர வேண்டுமானால் பயிற்சி பெற்ற சமையல்காரர் ஒருவரை நியமித்து, மற்ற எவரும் உள்ளே நுழையாமல் தடுக்க வேண்டும். முடியாவிட்டால், ஒவ்வொரு வீட்டிலும் தனி அடுப்பு இருப்பதால், அவரவர் வீட்டில் சமைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். புரியாததால் அல்ல.

4. இவ்வளவுக்கும் அடிப்படை, தங்கள் ஆய்வாளர் திரு. யெப்பே ஸ்கௌ செப்டம்பரில் ஒரு மாலை வந்துபோய் எழுதிய அறிக்கை. அவர்மீது எங்களுக்குப் புகார் இல்லை. நடந்தது எங்கள் தவறு. இங்கே குடிவர விரும்புபவர்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு மாலை எங்களோடு சமைத்துச் சாப்பிட வேண்டும். அப்படி வருபவரிடம் என்ன வேலை, என்ன பதவி என்று சாப்பாடு முடியும்வரை கேட்க மாட்டோம். கேட்பது எங்களுக்குள் மரியாதைக் குறைவு. அன்றும் ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். அவர் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தோல் பையோடு வாசலில் நின்றது ஸ்கௌ. அவர் காலணியைக் கழற்றி நிமிர்வதற்குள் அக்செல் அவர் கழுத்தில் ஏப்ரனை மாட்டிவிட்டார்.

"நான் நகராட்சியிலேருந்து..." என்று அவர் தொடங்கியது உண்மை.

"நகராட்சியிலேருந்து வந்தா என்ன, நிலாவுலேருந்து வந்தா என்ன? மொதல்ல வெங்காயத்த உரிங்க" என்று அக்செல் சொன்னதும் உண்மை.

5. எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வருபவருக்கு இங்கே உள்ள கெட்டதை மட்டும் சொல்வோம். நல்லது தானாகத் தெரியவரும். கெட்டதை மறைத்தால் அது ஏமாற்று. அன்று சொல்லும் முறை என்னுடையது. உரித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்று நான் சொன்னவை இவை:

"தம்பி, இங்க வந்தா நிம்மதியா அழக்கூட முடியாது. மூக்கச் சிந்துறதுக்குள்ள யாராவது கேக்கோட வந்து கதவத் தட்டுவாங்க. கூட்டத்துல ஒருத்தர் வேண்டாம்னாலும் எதுவும் நடக்காது. ஜன்னலுக்குத் திரை போடலாமான்னு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசினோம். குளிர் போயிடுச்சு, திரை இன்னும் வரல. வேலை நாள்ல இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த ஒண்ணும் சொல்லாததத்தான் தாங்க முடியாது. சமைக்க இவருதான்னு ஆளே கிடையாது, எல்லாருந்தான். அக்செல் சமைச்சா கறி கருகும். தின்னுட்டு நன்றி வேற சொல்லணும்."

"கருகினாத்தான்யா அது கறி. இல்லேன்னா ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார் அக்செல்.

ஸ்கௌ சிரித்தார். கறி உருண்டையும் சிவப்பு முட்டைக்கோசும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, துண்டை எடுத்து ஈரத் தட்டுகளைத் துடைத்தார். "தட்டோட முதுகையும் தொடைக்கிறான்யா. இவன விட்டுடக் கூடாது" என்று அக்செல் என் காதில் சொன்னார். அவரைச் சேர்த்துக்கொள்ள அடுத்த கூட்டத்தில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் பெயர் இன்னும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. இந்த ஆணைக்குப் பிறகும் அதை நாங்கள் எடுக்கவில்லை.

6. அவருடைய அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் நான் சொன்னதுதான். என் வாய்ச்சொல் அச்சில் வந்ததை நானே படிக்கும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. குற்றச்சாட்டுகளுக்கு எங்கள் பதில்: உணவு சில நாள் கருகுகிறது, ஒப்புக்கொள்கிறோம். சிறுவர்கள் சமையலறைக்குள் வருகிறார்கள். தட்டு வைக்கும் முறை அவர்களுடையது, வராமல் எப்படி வைப்பார்கள். அடுப்பருகே பூனை படுத்திருந்தது என்பதும் சரி. பூனை இல்லாவிட்டால் எலி இருக்கும்; இரண்டில் எது சுகாதாரம் என்று தாங்களே முடிவு செய்யலாம். ஆனால் "பொறுப்பாளர் எவரும் இல்லை" என்ற வரியை மறுக்கிறோம். பொறுப்பு இல்லாதவர் என்று எங்களில் எவரும் இல்லை. அதையே தங்கள் ஆய்வாளர் தலைகீழாக எழுதிவிட்டார்.

7. கெட்டதை மட்டும் சொல்லி நிறுத்தியதால் வந்த வினை இது. ஆகவே வழக்கத்தை மீறி நல்லது ஒன்றையும் சொல்கிறேன். சொல்ல, சம்பந்தப்பட்டவரின் அனுமதி பெற்றிருக்கிறேன்.

வீட்டு எண் ஆறில் இருப்பவர் போடில். அவருடைய கணவர் சென்ற ஜனவரியில் இறந்தார். அடக்கத்துக்குப் பிறகு போடில் வெளியே வரவில்லை. நாங்கள் வாசலில் வைத்த சூப் பானைகள் மூடி திறக்கப்படாமலே திரும்பின. அந்த நிலையில், யார் சமைக்கும் முறை என்று எழுதி வைக்கும் பலகையில் அவர் பெயர் வந்தது, என் பெயருக்குப் பக்கத்தில். அழித்துவிடலாம் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னோம். பள்ளியில் வேலை பார்க்கும் இங்கெலிசே மட்டும் மறுத்தார். "பேர அழிச்சா அவங்கள அழிச்ச மாதிரி. வந்தா வரட்டும், வரலேன்னா நாம பட்டினி கெடப்போம்" என்றார். ஒருவர் மறுத்ததால் பெயர் அப்படியே நின்றது.

அந்த நாள் வந்தது. அத்தனை பேருக்கும் நான் ஒருவனே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. போடில் வீட்டில் உடுத்தும் அங்கியோடு வந்து, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படியா சீவுவ தோர்வால்? பாதிக் கெழங்கு தொட்டியிலதான் கெடக்கு. கத்திய இங்க குடு" என்றார்.

கொடுத்தேன். அழுதுகொண்டேதான் சீவினார். அழுதுகொண்டேதான் உப்பும் போட்டார். அன்று உப்பு அதிகம். எல்லோரும் சாப்பிட்டார்கள். மேசையில் யாரும் அதைச் சொல்லவில்லை; அவரேதான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத எப்படித் தின்னீங்க, பைத்தியங்களா" என்று கேட்டார். உப்பு அதிகமான அந்த நாளையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அம்மையீர், பயிற்சி பெற்ற சமையல்காரர் ஒருவர் இருந்திருந்தால் அன்று போடிலின் முறை என்று ஒன்று வந்திருக்காது. அவரவர் வீட்டில் சமைத்துக்கொள்ளலாம் என்று ஆணை சொல்கிறது. போடிலின் வீட்டிலும் அடுப்பு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அது ஒரு நாளும் எரியவில்லை.

8. ஆகவே கேட்டுக்கொள்வது: எங்களை உணவகம் என்று கூறும் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். எங்கள் மேசையில் யாரும் எதையும் விற்பதில்லை. சுத்தம் குறித்துத் தாங்கள் என்ன சொன்னாலும் செய்வோம். குளிர்பெட்டியில் வெப்பமானி வைக்கச் சொன்னால் வைக்கிறோம். பாத்திரங்களுக்கு மூடி போதாது என்றால் வாங்குகிறோம். பூனையோடும் பேசிப் பார்க்கிறோம். ஆனால் ஒருவரை உள்ளே வைத்து மற்றவரை வெளியே நிறுத்த மாட்டோம். இது கூட்டத்தில் ஒருமனதாக எடுத்த முடிவு. ஊற்றிய காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. இங்கே அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அதற்காக மட்டும் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

9. நவம்பர் முதல் தேதி சனிக்கிழமை. அன்று பொது வீட்டில் அடுப்பு எரியும். மறைத்துச் செய்யும் எண்ணம் இல்லாததால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

10. ஆணையை மீறினால் பொது வீட்டுக் கதவு பூட்டப்பட்டு முத்திரையிடப்படும் என்று கடைசி வரியில் கண்டேன். இதற்கு மட்டும் சட்டப்படி ஒரு விவரம் தர வேண்டியுள்ளது. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. கட்டும்போதே வைக்கவில்லை. தங்கள் நகராட்சியே படித்துப் பதிவு செய்து ஒப்புதல் தந்த எங்கள் விதிகளின்படி, பொது வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் கூட்டத்தில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அடிக்க முடியாது. அந்த விதிகளை இப்போது நானும் படித்துவிட்டேன். பூட்டுப் பொருத்த விரும்பினால் தாங்கள் கூட்டத்துக்கு வந்து கேட்கலாம். இருக்கையும் காபியும் தருவோம், முழுவதும் கேட்போம்.

நான் சம்மதிக்க மாட்டேன்.

இடம்: லிண்ட்மோசே
நாள்: 17.10.1986

யார் கையையும் பிடிக்காமல் எழுதி ஒப்பமிடும்,
தோர்வால் பிஸ்கோர்
ஹாசல்கோர் குடியிருப்போர் அனைவருக்காகவும்